சொல்லாமல் திரும்பிய கேதம்

அத்தியாயம் 11

போன கிழமை செல்லசாமியை ஹட்டன் அச்சகத்து வாசலில், கொட்டுகிற மழையில், குடையில்லாமல் விட்டுவிட்டு வந்தோம். கவலைப்பட வேண்டாம். அவன் நன்றாக நனைந்து, மஸ்கெலியாவுக்குத் திரும்பி, தும்மி, கொத்தமல்லிக் கசாயம் குடித்து, இப்போது ஓரளவு மனிதனாகத்தான் இருக்கிறான்.

அவனை மழையில் நிறுத்தியது ஒரு சொல். தங்கச்சி தவமணிக்கும் வட்டவளைக் கணக்கப்பிள்ளை நல்லமுத்துவின் மகன் அழகனுக்கும் கலியாணம். மஞ்சள் அட்டை, சிவப்பு எழுத்து, மேலே பிள்ளையார் என்று எல்லாம் பேசி முடித்தபின் அச்சுக்கோக்கிறவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

“பொண்ணோட தகப்பனார் பேருக்கு முன்னாடி ‘காலஞ்சென்ற’ போடணுமா, வேணாமா?”

செல்லசாமி மஃறூப் முதலாளியின் துணிக்கடையில் விற்பனையாள். இல்லாத சரக்கைக் கேட்டால் என்ன சொல்வது என்பது அவனுக்கு நாக்கிலேயே இருக்கும். “அடுத்த கிழமை வந்துரும்ங்க” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிவிட்டான். அப்பா என்ன, பொம்பாய் வாயில் சேலையா அடுத்த கிழமை வர?

அப்பா பொன்னையா, தவமணி வயிற்றில் இருந்தபோது கங்காணியோடு சண்டை பிடித்துக்கொண்டு தோட்டத்தை விட்டுப் போனவர். பூண்டுலோயாப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு கூப்பிடுகிறேன் என்றார். கூப்பிடவில்லை. பதினெட்டு வருசமாகிறது. இருக்கிறாரா, இல்லையா? அம்மா வீரம்மாவின் நெற்றியைப் பார்த்தால் இருக்கிறார். அங்கே குங்குமம் காலணா அளவுக்கு இருக்கும். மற்றபடி ஓர் ஆதாரமும் கிடையாது.

மாப்பிள்ளையின் தாய் ராசம்மா சண்டைக்காரி அல்ல. ஆனாலும் கேட்டுவிட்டாள். “இருந்தா மணவறைக்கு வரச் சொல்லுங்க. இல்லாட்டி இல்லன்னு சொல்லுங்க. நாளைக்கு நாலு பேர் கேட்டா நாங்க என்னத்தச் சொல்றது?”

இல்லை என்று ஆகிவிட்டால் வீரம்மாவின் பொட்டும் தாலியும் போகும். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது தாய் சுவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். மூன்று பேரின் நிம்மதி ஓர் அட்டையில் அச்சாகப் போகும் ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

மலைநாட்டில் எல்லாரும் பிரஜாவுரிமைக்காகத் தாங்கள் பிறந்ததற்குக் கடதாசி தேடி அலைந்துகொண்டிருந்த காலம் அது. செல்லசாமி ஒருவன்தான் அப்பன் செத்ததற்குக் கடதாசி இருக்கிறதா என்று பார்க்கப் புறப்பட்டான்.

“முதலாளி நுவரெலியாவுக்குச் சரக்குப் பார்க்க அனுப்புறாரும்மா,” என்றான் காலையில்.

வீரம்மா கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே, “குடையை எடுத்துக்க. பூண்டுலோயாப் பக்கம் மழைன்னாங்க,” என்றாள்.

பொய் சொல்வதற்கும் ஒரு முகவெட்டு வேண்டும். இவனுக்குக் கடவுள் கொடுத்தது கணக்குத் தவறிய கடைக்காரன் முகம்.

பீலிக்கரையில் தவமணி குடத்தை நிரப்பிக்கொண்டு நின்றாள்.

“நீதானே அம்மாக்கிட்ட சொன்னே?” என்றான்.

“நான் ஏன் சொல்றேன்? நீ தூக்கத்துல ‘பூண்டுலோயா டிக்கெட் ஒண்ணு’ன்னு கேட்டியே, லயத்து வரிசைக்கே கேட்டுச்சு.” சிரித்தவள் குடத்தை இறக்கி வைத்தாள். “அண்ணே, செத்துட்டார்னு தெரிஞ்சா என்ன செய்வே?”

“முழிப்பேன்.”

“இருக்கார்னு தெரிஞ்சா?”

“அதுக்கும் முழிப்பேன். எனக்கு அது ஒண்ணுதானே ஒழுங்கா வரும்.”

“இருந்தார்னா எனக்கு அட்ரஸைக் கொண்டாந்து குடு. இந்த லயத்துல எவளோட சண்டை வந்தாலும் மொத வார்த்தையே ‘ஓடிப்போனவன் மக’ தான். ஏன் ஓடினீங்கன்னு நேராப் போய்க் கேக்கணும்.”

பஸ்ஸில் ஹட்டன், ரயிலில் தலவாக்கலை, மறுபடி பஸ்ஸில் பூண்டுலோயா. கடைசி பஸ்ஸில் அவனுக்கு இடம் கிடைத்தது ஒரு கோழிக்கூடைக்கும் ஒரு பெரிய பலாப்பழத்துக்கும் நடுவில். கோழி பரவாயில்லை.

அந்தப் பகுதிப் பிறப்பு இறப்புப் பதிவாளர் தன் வீட்டு முன்னறையிலேயே அலுவல் பார்த்தார். நரைத்த தலை, வெற்றிலை வாய், நிதானமான மனிதர். சிங்களவர். செல்லசாமிக்குச் சிங்களம் தெரியும்தான். ஆனால் அது துணிக்கடைச் சிங்களம். கஜம், கரை, ‘சாயம் போகவே போகாது நோனா’, இவையெல்லாம் தண்ணீராக வரும். செத்துப்போன அப்பாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அவன் திணறுவதைப் பார்த்துப் பதிவாளரே தமிழுக்கு இறங்கி வந்தார்.

“எந்த வருசம் செத்தது?”

“பதினெட்டு வருசத்துக்கு முந்தி இருக்கலாம் மாத்தயா. இல்லாட்டி... இன்னும் சாகாமலும் இருக்கலாம்.”

பதிவாளர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

“எந்தத் தோட்டம்?”

“பூண்டுலோயாப் பக்கம்.”

அவர் ஜன்னலைத் திறந்து விட்டார். பச்சை மலைகள் அடுக்கடுக்காக, பார்வை எட்டும் மட்டும். “பக்கம் எண்டால் இதெல்லாம் பக்கம்தான். சரி, பேர் சொல்லு.”

“பொன்னையா.”

பாவம், நல்ல மனிதர். அலுத்துக்கொள்ளாமல் பழைய புத்தகங்களை எடுத்துப் புரட்டினார். ஒரு பொன்னையா கிடைத்தார். எழுபது வயதுக் கிழவர். செல்லசாமி மூச்சு விட்டான். இன்னொரு பொன்னையா. அவருக்கு வயது நாலு. வயிற்றோட்டம் என்று போட்டிருந்தது. அது யார் பிள்ளையோ. மூன்றாவது பொன்னையாவுக்கு வயது பொருந்தி வந்தது. செல்லசாமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“பெண்சாதி பேர் என்ன?”

“வீரம்மா. மஸ்கெலியா வீரம்மா.”

“இவருக்கு வேற பேர் போட்டிருக்கு. இது உன்ர ஆள் இல்லை.” பதிவாளர் புத்தகத்தை மூடினார். “இஞ்ச இல்லை, தம்பி.”

“அப்ப அப்பா சாகலைங்களா?” குரலில் ஏறிய சந்தோசத்தைப் பார்த்து அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

“நான் அப்பிடிச் சொல்ல இல்லை. இஞ்ச சாக இல்லை எண்டுதான் சொன்னேன். ஆள் எந்த இடத்தில செத்ததோ, அந்த இடத்திலதான் பதிவு.”

செல்லசாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். மனசு லேசாகத்தான் இருந்தது. ‘காலஞ்சென்ற’ வேண்டாம். வெறும் பொன்னையா. மணவறைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால், வாதம், கால் வீக்கம், நடக்க முடியவில்லை என்று ஏதாவது ஒன்று. பொய்யை எங்கே எப்படி நிறுத்தி வைத்துச் சொல்வது என்று பஸ் ஏறும்வரை ஒத்திகை பார்க்கலாம்.

“தம்பி! இந்தா, தம்பி!”

வாசல் பெஞ்சில், யாரோ ஒருவரின் சாவைப் பதிய வந்து காத்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். ஒல்லி உடம்பு, முழங்காலுக்கு மேல் வேட்டி, காதில் கடுக்கன்.

“உள்ள என்ன பேர் சொன்னே? மஸ்கெலியா வீரம்மாவா? கருவாட்டுக் கொழம்பு வெச்ச வீரம்மாவா?”

செல்லசாமிக்குப் பிறந்ததிலிருந்து அம்மாவுக்கு இப்படியொரு பட்டம் இருப்பது தெரியாது.

“எங்கம்மா கருவாட்டுக் கொழம்பு வைப்பாங்க. யாருதான் வைக்கல?”

“வைப்பாங்க, வைப்பாங்க. அந்த மாதிரி யாரும் வைக்கல.” பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “மூத்தவனா நீ? அன்னைக்கு மூக்கொழுகிக்கிட்டு எனக்கு எதிர்ல உக்காந்து எம்புட்டுத் தின்னே தெரியுமா? வா, டீ குடிப்போம். பசியா இருக்கியா? சாப்பிட்டியா?”

“வழியில ரெண்டு ரொட்டி சாப்பிட்டேன்.”

“அப்ப சரி.”

தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்ததும் பெரியவர் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். குரல் மாறிவிட்டது.

“எம் பேரு மாயாண்டி. இந்தச் சுத்துவட்டாரத்துல எங்க சாவு விழுந்தாலும் சொந்தபந்தத்துக்குக் கேதம் சொல்லப் போறது நான்தான். எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன். சொல்லாம திரும்பி வந்தது ஒண்ணே ஒண்ணு. உங்கப்பன் கேதம்.”

ஜன்னல் வழியாகக் காட்டப்பட்ட மலைகள் எல்லாம் ஒருமுறை அசைந்து நின்றன. செல்லசாமி ரொட்டி சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கக் கூடாது. சொன்னபின் என்ன செய்வது?

“எங்க தொழில்ல ரெண்டு மொறை இருக்கு தம்பி. பசிச்ச வீட்டுல கேதம் சொல்லக் கூடாது. கேட்டப்புறம் அவங்களுக்குச் சோறு எறங்காதில்லையா? அதனால வாசல்ல நின்னு மொதல்ல ‘சாப்பிட்டாச்சா’ன்னு கேப்போம். ஆச்சுன்னாத்தான் சொல்லுவோம். அடுத்தது, கேதம் சொல்ற வீட்டுல நாங்க கை நனைக்கக் கூடாது. பச்சைத்தண்ணி கூட ஆகாது.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“‘சாப்பிட்டாச்சா தாயி’ன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தா. மாசமா இருந்தா, வயிறு இம்புட்டு. ‘இன்னும் இல்லண்ணே, உக்காருங்க’ன்னா. உக்காந்தேன். அடுப்பைப் பத்த வெச்சா. கொழம்பு கொதிச்சுது. நெத்திலிக் கருவாடு. இல்ல... கட்டாக் கருவாடு. சரி, ஏதோ ஒண்ணு. உனக்குப் போட்டா. எனக்கும் ஒரு தட்டுல போட்டு முன்னால வெச்சா. அவ சாப்பிடல. ‘நீ சாப்பிடு தாயி’ன்னா ‘அப்புறம், அப்புறம்’ங்கிறா. பொழுது சாயுது. எனக்கோ காலையில இருந்து பட்டினி. கொழம்பு வாசம் மூக்குல ஏறுது. நான் என்ன சாமியாரா?”

“சாப்பிட்டுட்டீங்க.”

“ரெண்டு தரம் வாங்கி.” மாயாண்டி நியாயம் கேட்கிற குரலில் தேத்தண்ணீர்க் கடைக்காரரைப் பார்த்தார், அவருக்கு இந்தக் கதை தெரியும் போலிருக்கிறது, தலையாட்டினார். “கையக் கழுவுனப்புறம்தான் உறைச்சுது. சோத்தைத் தின்ன வீட்டுல எப்படித் தம்பி அந்த வார்த்தையைச் சொல்றது? அவளும் அதுவரைக்கும் ஒரு வாய் வைக்கல. கடைசி பஸ் வந்திருச்சு. ‘போய்ட்டு வாங்கண்ணே’ன்னு வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புறா. என்னைச் சொல்லவே விடலயே உங்கம்மா!”

செல்லசாமிக்கு அந்த நாள் நினைவிருந்தது. தெரியாத மாமா ஒருவர் வந்தது, வீட்டில் கருவாடு வெந்தது, தனக்கு வயிறு நிறையக் கிடைத்தது. ஒன்பது வயதில் அவன் அதை ஒரு பண்டிகையாகத்தான் வைத்திருந்தான்.

“அப்பா எப்படிங்க...?”

மாயாண்டி சொன்னார். கொஞ்சம் முன்பின்னாக, பேர்களை மாற்றிப் போட்டு, ஆனால் சொன்னார். நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோனார்கள், அங்கேதான் மூச்சு நின்றது, பதிவு இருந்தால் நுவரெலியாவில்தான் இருக்கும் என்றார். அதற்கு முந்தி நடந்ததையும் சொன்னார். செல்லசாமி தேத்தண்ணீரைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில் ஹட்டனில் அச்சகம் திறந்துதான் இருந்தது. கண்ணாடிக்காரர் உள்ளே எழுத்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். செல்லசாமி எதிர்ப்பக்கமாக, கடை நிழலோடு ஒட்டி நடந்து மஸ்கெலியா பஸ்ஸைப் பிடித்தான். ஆண்பிள்ளை என்றால் நேராக உள்ளே போயிருப்பான் என்று அவனுக்கும் தெரியும். அச்சகத்துக்கு முன்னால் சொல்ல வேண்டிய ஆள் ஒருத்தி வீட்டில் இருக்கிறாள் என்பதும் தெரியும்.

லயத்துக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வீரம்மா மலையிலிருந்து வந்து, குளித்து, புதுப் பொட்டு வைத்து, அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“சரக்குக் கெடைச்சுதா?”

“மாயாண்டின்னு ஒருத்தரைப் பார்த்தேம்மா.”

அகப்பை ஒருதரம் நின்றது. பிறகு கிண்டியது.

“இன்னும் இருக்காரா அவரு? நல்ல பசிக்காரர்.”

“தெரிஞ்சுதான் சோறு போட்டீங்களா?”

“வாசல்ல நின்னு துண்டை இடுப்புல கட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு.” வீரம்மா விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணித்தாள். “எனக்கு ஏழு மாசம் அப்ப. அந்த வார்த்தை இந்த லயத்துல விழுந்திருந்தா, இவ பொறக்கிறதுக்கு முந்தியே இவளுக்குப் பேரு வெச்சிருப்பாங்கடா. வயித்துல இருந்தே ‘அப்பனை முழுங்கினவ’ன்னு. எந்த வீட்டுல இவளைக் கட்டுவாங்க? எந்த நல்லது கெட்டதுக்கு இவளைக் கூப்பிடுவாங்க? ‘ஓடிப்போனவன் மக’ன்னா பழி அப்பனோட போச்சு. ‘முழுங்கினவ’ன்னா இவ தலையில இல்ல விழும்.”

“பொறந்தப்புறம் சொல்லியிருக்கலாமே?”

“என்னத்தச் சொல்ல? எனக்குத்தான் யாரும் சொல்லலியே.” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “பூண்டுலோயாவுல எவளையோ வெச்சிருக்கார், அதான் கூப்பிடலன்னு நெனைச்சுக்குவேன். கோவம் வரும். கோவம் இருந்தா அழுகை வராது பாரு. அப்படியே ஓடிருச்சு.”

செல்லசாமி அடுப்புக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான். பதினெட்டு வருசம் இந்தப் பெண்பிள்ளை சாவுச் செய்தியைத்தான் வாசலில் தடுத்தாள். அதோடு சேர்ந்து வந்த மற்றதும் அன்றைக்கே கடைசி பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டது.

“எவளும் இல்லம்மா.”

அவள் நிமிர்ந்தாள்.

“தொரை அவருக்குக் குடியிருக்க ஒரு காம்பிரா குடுத்துட்டாராம். வெள்ளையடிச்சு வெச்சாராம். புது அடுப்புப் போட்டாராம். உத்திரத்துல தூளிக்குக் கயிறு கட்டி, ஆள் ஏறித் தொங்கிப் பார்த்தாராம், தாங்குமான்னு. எல்லாரும் சிரிச்சாங்களாம். ஞாயித்துக்கெழமை நம்மளைக் கூட்டிப்போக வர்றதா இருந்துருக்கார். அதுக்கு மொத நாள் வீட்டுக்கு விறகு வேணும்னு போயி... சவுக்கு மரம் சாய்ஞ்சு...”

மேலே சொல்லத் தேவை இல்லை.

“வெள்ளையடிச்சாரா?” என்றாள் வீரம்மா. குரல் எங்கோ இருந்து வந்தது. “இங்க எத்தனை தரம் சொன்னேன், சொவரு உதிருது, உதிருதுன்னு. ஒரு நாள் சுண்ணாம்பு மட்டை எடுத்ததில்ல அந்த மனுசன்.”

அப்போதுதான் வந்தது அழுகை. சத்தம் பக்கத்துக் காம்பிராவுக்குக் கேட்காமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பதினெட்டு வருசத்தையும் சேர்த்து அழுதாள். செல்லசாமி என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பை ஊதினான். அணைந்த அடுப்பை.

“எனக்கா தூளி கட்டினார்?”

கதவருகில் தவமணி, இடுப்பில் குடத்தோடு. எவ்வளவு நேரமாக நின்றாளோ, சேலையெல்லாம் நனைந்திருந்தது.

“பின்ன எனக்கா?” என்றான் செல்லசாமி. “அப்ப நான் ஒம்பது வயசுத் தடியன். என்னைப் போட்டிருந்தா உத்திரமே விழுந்திருக்கும்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. குடத்தை இறக்கி வைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னாள்:

“அண்ணே, அட்டையில போடச் சொல்லிரு. ‘காலஞ்சென்ற பொன்னையா’.”

“ஏய்!” வீரம்மா முந்தானையை இறக்கினாள். “அது கணக்கப்பிள்ளை வீடுடி. உங்கப்பா எப்பச் செத்தார், நீ எப்பப் பொறந்தேன்னு உக்காந்து கணக்குப் பார்ப்பாங்க.”

“பார்க்கட்டும். ‘முழுங்கினவ’ன்னு சொன்னாச் சொல்லிட்டுப் போகட்டும், நான் கேட்டுக்கிறேன். எங்கப்பா ஓடிப்போனவர் இல்ல. அதை அச்சுல போட்டு ஊருக்கெல்லாம் குடுக்கணும்.”

பிறகு வீரம்மா, கொழுந்து மலையில் கங்காணிக்கே பதில் சொல்கிற வீரம்மா, சின்னப்பிள்ளை மாதிரிக் கேட்டாள்:

“அப்ப நான் எங்கடி நிக்கிறது, உன் கலியாணத்துல?”

“எம் பக்கத்துல.”

“சும்மா சொல்லாத. அவங்க ஒத்துக்கணுமே.”

“அதைத்தான் போய்க் கேக்கப் போறேன். நாளைக்கு நானே வட்டவளைக்குப் போறேன். அவரையும் கேப்பேன், அவங்க அம்மாவையும் கேப்பேன். முடியாதுன்னா அட்டையே வேணாம்.”

கலியாணப் பெண், நாள் குறித்தபின், தானே மாப்பிள்ளை வீட்டுப் படியேறிப் போவதா! மஸ்கெலியாவில் நடக்காது, வட்டவளையில் நடக்காது, நடுவில் இருக்கிற எந்தத் தோட்டத்திலும் நடக்காது. செல்லசாமி ஒதுங்கி உட்கார்ந்தான். அகப்பை பறந்தால் வழியில் தன் தலை இருக்கக் கூடாது அல்லவா?

அகப்பை பறக்கவில்லை.

வீரம்மா எழுந்து, தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் மடித்து வைத்திருந்த அரக்குச் சேலையை எடுத்து ஓர் உதறு உதறினாள். இருக்கிற ஒரே நல்ல சேலை. அது மகள் கட்டிக்கொண்டு போகவா, தானே கட்டிக்கொள்ளவா என்று செல்லசாமிக்கு விளங்கவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

“மொத பஸ் எத்தனை மணிக்குடா?” என்றாள்.